லலவூனிஸ் வெறும் நகல்காரரா?

கிரேக்க நகைக் கலைஞர் இலியாஸ் லலவூனிஸ் படிக்காதவர், அருங்காட்சியக நகைகளை அப்படியே நகலெடுத்து விற்றே பெயர் வாங்கினார் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தப்பு.

1920இல் பிறந்த ஏதென்ஸ்காரர் இவர், அங்கேயே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் சட்டமும் படித்தவர், அப்புறம்தான் மாமாவுடைய சொலோட்டாஸ் நகைக்கடையில் தொழில் பழகினார். 1957இல் கிரேக்க நகரமான தெசலோனிகியில் நடந்த கண்காட்சியில் பழங்கால நகைகளின் சாயலில் ஒரு தொகுப்பு வைத்தது உண்மை. நகல் என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியிருக்கலாம். ஆனால் அங்கே அவர் மீட்டெடுத்தது கைவேலையை. ரவை அளவுப் பொன்மணிகளைத் தகட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்துச் சூடேற்றி, பற்றவைத்த தடமே தெரியாமல் ஒட்டவைக்கும் வேலை அது. சூடு கொஞ்சம் கூடினால் மணியும் உருகிப் போகும், தகடும் போகும். இதை நகல் என்று சொல்பவர் ஒரே ஒரு மணியை ஒட்டிப் பார்க்கட்டும்!

சரி, 1969இல் சொந்த நிறுவனம் தொடங்கிய பிறகு டிஎன்ஏ வடிவத்திலும் நகை செய்தாரே, அதை எந்தப் பழைய கல்லறையிலிருந்து எடுத்தாராம்? 1990இல் பிரான்ஸின் நுண்கலை அகாடமி அவரை உறுப்பினராக்கியது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றுக்குப் பக்கத்தில் அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது, பதிவு போட்டவர் போய்ப் பார்க்கலாம்.