காமெடி சீன் வேறு, காமெடிப் படம் வேறு

போன வாரம் நண்பர்கள் ஆறு பேர் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு சினிமாவில் வந்து நின்றது. உங்களுக்கு ரொம்பப் பிடித்த காமெடிப் படம் எது, ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்து வைத்தார். முதல் ஆள் வாழைப்பழம் என்றார். அடுத்தவர் நேசமணி. அப்புறம் கைப்புள்ள, அப்புறம் பெட்ரோமாக்ஸ் லைட்டு. ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டி, வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்டது படம். வந்த பதில் எல்லாமே சீன்.

அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காமெடி சீன் வேறு, காமெடிப் படம் வேறு. நாம் சீனைக் கொண்டாடிக் கொண்டாடி, படத்தை மறந்துகொண்டிருக்கிறோம்.

வாழைப்பழத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. 1989இல் வந்த கரகாட்டக்காரனில் அந்தச் சில நிமிடங்கள் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த குறுநாடகங்களில் ஒன்று என்று மனதார நம்புகிறேன். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம். ஒன்று வந்துவிட்டது, இன்னொன்று எங்கே? கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். அதை எழுதிய ஏ.வீரப்பனின் பெயர் கவுண்டமணி, செந்தில் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. ஆனால் எவ்வளவு பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? நடித்தவர்களை நாடே அறியும், எழுதியவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் சொல்ல வருவதன் முக்கால்வாசி இதிலேயே அடங்கியிருக்கிறது.

தமிழ் சினிமாவில் காமெடி 'டிராக்' என்று ஒன்று ரொம்ப காலமாகவே இருக்கிறது. என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் தங்கள் பகுதிகளைத் தாங்களே உருவாக்கிப் படங்களில் சேர்த்த காலத்திலிருந்தே அது உண்டு. கதை ஒரு பக்கம் போகும், சிரிப்பு இன்னொரு பக்கம் போகும். நாயகன் அழுதுகொண்டிருப்பான், அடுத்த காட்சியில் நகைச்சுவை நடிகர் உதை வாங்கிக்கொண்டிருப்பார். தயாரிப்புக்கு இது வசதி. கதைக்கு ஓர் எழுத்தாளர், காமெடிக்குத் தனி எழுத்தாளர். நகைச்சுவை நடிகரின் கால்ஷீட் கிடைக்கும் நாளில் அவர் பகுதியை மட்டும் எடுத்து முடித்துவிடலாம். பிறகு ஆதித்யா, சிரிப்பொலி என்று நாள் முழுக்க காமெடிக்கே சேனல்கள் வந்தன. தனியாகச் சேர்த்ததைத் தனியாக வெட்டி எடுப்பது அவற்றுக்குச் சுலபமாக இருந்தது. இப்போது கைப்பேசியில் முப்பது நொடித் துண்டுகளாக வந்து விழுகிறது. 2001இல் வந்த ஃபிரண்ட்ஸ் படத்தின் கதை என்னவென்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். ஆனால் 2019 மே மாதம் நேசமணிக்காக ஊர் உலகமே பிரார்த்தனை செய்தது. ஒரு சுத்தியல் தலையில் விழுந்த காட்சி, படத்தை விட்டுத் தனியே கிளம்பி, பதினெட்டு வருடம் கழித்து உலக டிரெண்டிங்கில் நின்றது. வடிவேலுவின் உடல்மொழிக்கு அந்த மரியாதை தகும். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

ஆனால் துண்டுகளிலேயே வளர்கிறவர்களுக்குக் கிடைக்காமல் போவது என்ன என்பதை என் அக்கா மகள்தான் எனக்குக் காட்டினாள். பன்னிரண்டு வயது. காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் சீனை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். அந்தச் சத்தங்களையெல்லாம் அப்படியே வாயால் செய்து காட்டுவாள். முழுப் படத்தையும் பார்க்கலாமா என்று கேட்டேன். "பழைய படம் மாமா, ஸ்லோவா இருக்குமே" என்றாள். கட்டாயப்படுத்தித்தான் உட்கார வைத்தேன்.

1964இல் ஸ்ரீதர் இயக்கிய படம். வசனத்தில் அவரோடு சித்ராலயா கோபு. பாலையா ஒரு பணக்காரர், பணத்தின் மேல் அவருக்கு அளவு கடந்த மரியாதை. மகன் நாகேஷுக்குப் படமெடுக்கும் பைத்தியம், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று கம்பெனிக்குப் பெயரும் வைத்துவிட்டார், அப்பாவிடமிருந்து பணம்தான் வர வேண்டும். இன்னொரு பக்கம் ரவிச்சந்திரன் தன்னைக் கோடீஸ்வரர் மகன் என்று சொல்லிக்கொள்கிறார். அந்தக் கோடீஸ்வர அப்பாவாக நண்பர் முத்துராமன் கிழவர் வேஷம் போட்டு வருகிறார். வந்த பிறகுதான் தெரிகிறது, தான் ஏமாற்ற வந்த வீட்டுப் பெண்தான் தன்னுடைய காதலி என்று. இத்தனை முடிச்சுகளும் நமக்குத் தெரியும். பாலையாவுக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் அவர் காட்டும் பவ்வியம் இருக்கிறதே, அங்கேதான் என் அக்கா மகள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சீன் எந்த காமெடித் தொகுப்பிலும் அவள் கண்ணில் பட்டதில்லை. அதில் யாரும் விழவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. வெட்டி எடுத்துத் தனியாகப் போட்டால், ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரை மரியாதையாக வரவேற்கிறார், அவ்வளவுதான்.

இதைத்தான் காமெடிப் படம் என்று நான் சொல்கிறேன். தனியாக வெட்டி எடுத்தால் சிரிப்பு வராத இடத்தில், படத்தோடு பார்க்கும்போது சிரிப்பு வர வேண்டும்.

இதற்கு இன்னும் சரியான உதாரணம் நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம், 2012. இயக்குநர் பாலாஜி தரணீதரன். கல்யாணத்துக்கு முன்னால் கிரிக்கெட் ஆடப் போன மாப்பிள்ளை பந்தைப் பிடிக்கப் போய்த் தலையில் அடிபட்டு, கொஞ்ச கால நினைவுகளை இழந்துவிடுகிறான். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு உண்மையிலேயே நடந்த சம்பவம் அது. மூன்று நண்பர்கள் அவனை வைத்துக்கொண்டு வரவேற்பு, முகூர்த்தம் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். படம் முழுக்க அவன் அதே நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான். முதல் தடவை சிரிப்பு வராது, கவலைதான் வரும். ஐந்தாவது தடவை புன்னகை. பதினைந்தாவது தடவை, அவன் வாயைத் திறக்கும் முன்பே தியேட்டர் அதிர்கிறது. வரி மாறவேயில்லை. மாறியதெல்லாம் சுற்றியிருக்கும் நிலைமையும், நண்பர்களின் முகமும், நமக்கு ஏறிவிட்ட பதற்றமும்தான். இதை முப்பது நொடிக்குள் எப்படி அடக்க முடியும்? ஒரே வரியை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படத்தைக் கட்டும் துணிச்சல் எழுத்தில் இருந்தது. நடிகர்கள் அதை நம்பி நின்றார்கள்.

காமெடிப் படத்தின் உண்மையான நாயகன் எழுத்தாளர் என்பது என் உறுதியான கருத்து. முழுதாக நிற்கும் நம் நகைச்சுவைப் படங்களின் பின்னணியைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் மேடை நாடகத்தில் போய் முடியும். 1941இல் வந்த சபாபதி, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். 1982இல் வந்த மணல் கயிறு விசுவின் நாடகம். மாப்பிள்ளை எட்டு நிபந்தனை போடுகிறான், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கல்யாணத்தை முடித்துவைக்கிறார் நாரதர் நாயுடு, பிறகு ஒவ்வொரு நிபந்தனையாகப் பொய்யாகிறது. ஒற்றை யோசனையில் மொத்தப் படமும் ஓடுகிறது. பாலசந்தர் நாடகத்திலிருந்து வந்தவர், கிரேசி மோகனும் அப்படியே. மேடையில் வெட்டு கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்காவிட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் ஒரே சிக்கலை இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தில்லு முல்லு, 1981. இந்தியில் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த கோல்மாலின் தழுவல், வசனம் விசு. மீசை வைத்தவன்தான் ஒழுங்கானவன் என்று உளமார நம்பும் முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன். அந்த வேலைக்காக ரஜினி சொல்லும் முதல் பொய் ரொம்பச் சின்னது. மேட்ச் பார்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டதும் மீசையில்லாத இரட்டைத் தம்பி பிறக்கிறான். முதலாளி வீடு வரைக்கும் வருவதால் ஓர் அம்மா தேவைப்படுகிறார், சௌகார் ஜானகி வருகிறார். அந்தத் தம்பியோ முதலாளி மகளுக்குப் பாட்டு வாத்தியாராகவே ஆகிவிடுகிறான். ஒவ்வொரு பொய்யும் முந்தைய பொய்யைக் காப்பாற்றுவதற்காகத்தான் வருகிறது. ரஜினி எங்கும் சிரிக்க வைக்க முயலவில்லை, தப்பிக்க முயல்கிறார். பதற்றம் அவருக்கு, சிரிப்பு நமக்கு.

மைக்கேல் மதன காமராஜன் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது. 1990. நான்கு கமல்கள். ஒருவர் திருடர், ஒருவர் தொழிலதிபர், ஒருவர் சமையற்காரர், ஒருவர் தீயணைப்பு வீரர். யார் யாரை யாரென்று நினைக்கிறார்கள் என்ற கணக்கு கடைசி வரை தப்பாமல் ஓடுகிறது. சிங்கீதம் சீனிவாச ராவின் இயக்கம், கிரேசி மோகனின் வசனம். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் போன முறை காதில் விழாத ஒரு வரி விழுகிறது. நாம் முந்தைய வரிக்குச் சிரித்துக்கொண்டிருந்ததில் தவறவிட்டது அது. மலை விளிம்பில் வீடு ஆடும் கிளைமாக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் 1925இல் சாப்ளின் எடுத்த தி கோல்ட் ரஷ் படத்தில் பாறை நுனியில் தொங்கும் மரக்குடிசை எனக்கு ஞாபகம் வரும். அதே சிங்கீதம்தான் 1987இல் வசனமே இல்லாத 'பேசும் படம்' என்ற படத்தையும் எடுத்தார். பனிக்கட்டியில் கத்தி செய்து கொலை செய்ய வருகிறவன், அது உருகுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறத்தைக் கேலி செய்வது, உடம்பைக் கேலி செய்வது, பெண்களை மட்டம் தட்டுவது, சும்மா ஓர் அறை விடுவது... இப்போது பார்க்கும்போது சிரிப்பு வராத பல இடங்கள் நமக்குப் பிடித்த டிராக்குகளில் இருக்கின்றன. சின்ன வயதில் நானும் அவற்றுக்குச் சிரித்தேன். இன்று முடியவில்லை. என் அக்கா மகள் பக்கத்தில் இருந்தால் ரிமோட்டைத் தேடுகிறேன். டிராக்குக்குப் பின்னால் கதை இல்லாததால்தான் இது நடக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு நிமிடத்தில் சிரிக்க வைத்தாக வேண்டும், நிலைமையைக் கட்ட நேரம் கிடையாது. அப்போது கைக்கு அருகில் கிடைப்பது எதிரே நிற்பவரின் தோற்றம்தான். கதையில் வேர் பிடித்த நகைச்சுவைக்கு அந்த அவசரம் இல்லை.

இன்று போய் நாளை வா, 1981, பாக்யராஜ். அதில் இந்தி கற்றுக்கொள்ளும் சீன் எல்லோருக்கும் தெரியும், வாக்கியத்தின் கடைசியில் ரகு தாத்தா வந்து நிற்பார். தனியாகப் பார்த்தால் உச்சரிப்புக் கேலி. படத்தில் பார்த்தால், அடுத்த வீட்டுப் பெண்ணை நெருங்குவதற்காக அவள் அப்பாவிடம் மாணவனாகச் சேர்ந்த ஒருவனின் கஷ்டம். நண்பர்கள் மூன்று பேருக்கும் அதே பெண் மேல்தான் கண். ஆளுக்கொரு வழியில், மற்ற இருவரை முந்தப் பார்க்கிறார்கள். அந்தப் பரபரப்பு தெரிந்த பிறகு ரகு தாத்தாவுக்குச் சிரிப்பதே வேறு மாதிரி இருக்கும்.

ஆண்பாவம் பற்றி ஒரு வார்த்தை. 1985, பாண்டியராஜன். பெண் பார்க்கப் போன அண்ணன் வேறொரு வீட்டுக்குப் போய் வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறான். அதில் சிரிக்கும்போதே, அந்தத் தவறால் காத்திருக்க நேர்ந்த ரேவதியின் முகம் நெஞ்சில் ஏதோ செய்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வைப்பதற்குத் தனி மனசு வேண்டும்.

அப்படியானால் வடிவேலு? எனக்கு அவர் ஒரு மகா கலைஞர். அந்த உடம்புக்கு ஒரு முழுக் கதை கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு 2006இல் வந்த இம்சை அரசன் 23ஆம் புலிகேசி இருக்கிறது. சிம்புதேவனின் முதல் படம். சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறந்து வைக்கும் அரசன், வெள்ளைக்காரன் கொண்டுவரும் குளிர்பானத்துக்கு இடம் கொடுக்கும் அரசன். அங்கே வடிவேலு அடி வாங்குவதால் நாம் சிரிக்கவில்லை, அவர் ஆட்சி செய்வதால் சிரிக்கிறோம். அப்படி இன்னும் பத்துப் படங்கள் அவருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு நிறையவே உண்டு. இருபது படங்களில் இருபது டிராக் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவருக்காக உட்கார்ந்து ஒரு முழுக் கதை எழுதியவர்கள் எத்தனை பேர்?

சூது கவ்வும், முண்டாசுப்பட்டி போன்ற படங்கள் வந்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. தனியாக ஒரு காமெடியன் தேவைப்படவில்லை, கதையே சிரிக்க வைத்தது. கற்பனைக் காதலியோடு பேசிக்கொண்டு, கடத்தலுக்கு விதிமுறை வகுத்து வைத்திருக்கும் ஒரு ஆளை நாயகனாக வைத்துக் கதை பண்ணலாம் என்று 2013இல் நலன் குமரசாமிக்குத் தோன்றியதே, அந்தத் தைரியம் அடிக்கடி வர வேண்டும்.

அன்று காதலிக்க நேரமில்லை முடிந்த பிறகு என் அக்கா மகள் அந்தக் கதை சொல்லும் சீனை மட்டும் மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். இந்த முறை அவள் நாகேஷைப் பார்க்கவே இல்லை. பாலையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 1936இல் சதி லீலாவதியில் வில்லனாக நடித்த மனிதர் இவர் என்று சொன்னேன். நம்ப மறுத்தாள். பயத்தில் அவர் கண் எங்கெங்கே போகிறது, நாகேஷின் ஒவ்வொரு சத்தத்துக்கும் முகம் எப்படி மாறுகிறது என்று விரல் நீட்டிக் காட்டினாள். "இவர்தான் மாமா காமெடி பண்றார். நான் இவ்ளோ நாள் அவரையே பாத்துட்டு இருந்தேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தில்லு முல்லு என்று முடிவாகியிருக்கிறது.