12-ஆவது ஹோலில் கொடியைப் பார்த்து அடிக்காதீர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் ஆகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்தின் 12-ஆவது ஹோல் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரையுள்ள பகுதி) வெறும் 155 கெஜம். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கு அது ஒன்பதாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை; எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும்), காற்று எதிர்த்தால் எட்டு. 2016-இல் ஜோர்டன் ஸ்பீத் அந்த ஹோலில் இரண்டு பந்துகளைத் தண்ணீரில் போட்டார், மூன்றில் முடிக்க வேண்டிய இடத்தில் ஏழு ஷாட் எடுத்தார். சற்று முன்புதான், ஒன்பது ஹோல் முடிந்திருந்தபோது, அவர் ஐந்து ஷாட் முன்னிலையில் (அதாவது மற்றவர்களைவிட ஐந்து குறைவாக) இருந்தார். அன்று வென்றவருக்குத் தரும் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டது டேனி வில்லட்.

ஒவ்வொரு ஏப்ரலும் அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் நான்கு நாளும் நான் தூங்குவது குறைவு. ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்று முடியும்போது நமக்குத் திங்கள் விடியற்காலை. என்னோடு உட்கார்ந்து பார்க்கும் நண்பர் வருடா வருடம் சொல்வது ஒன்றுதான்: "தூரமா அடிக்கிறவன்தான்பா இங்க ஜெயிப்பான்." வருடா வருடம் நான் மறுக்கிறேன். பந்து எங்கே போகக் கூடாது என்று ஒவ்வொரு ஹோலிலும் முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் எங்கே போக வேண்டும் என்று யோசிக்கிறவனுக்குத்தான் இந்த மைதானம் இணங்கும். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஆகஸ்டா ஒரு பார்க்லேண்ட் மைதானம். கடற்கரை மணல்மேட்டில் காற்றோடு போராடும் லிங்க்ஸ் வகை இல்லை. உள்நாட்டில், உயர்ந்த பைன் மரங்களுக்கு நடுவே, கத்தரித்த புல்லோடு பூங்கா மாதிரி இருக்கும். முன்பு அந்த இடம் ஒரு நர்சரி. அதனால்தான் ஒவ்வொரு ஹோலுக்கும் ஒரு செடியின் அல்லது மரத்தின் பெயர்: மக்னோலியா, கமேலியா, அசேலியா என்று. 1930-இல் ஒரே வருடத்தில் அன்றைய நான்கு பெரிய பட்டங்களையும் வென்று ஓய்வு பெற்ற பாபி ஜோன்ஸும், அலிஸ்டர் மெக்கென்ஸியும் சேர்ந்து வடிவமைத்தார்கள். 1934 ஜனவரியில் மெக்கென்ஸி இறந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து நடந்த முதல் போட்டியைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இருவருக்கும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் மேல் பெரிய பிரியம். ஆகஸ்டா பார்க்கப் பூங்காதான், ஆனால் யோசனை அங்கிருந்து வந்தது. ஃபேர்வே (பந்து விழ வேண்டிய, புல் வெட்டிய பாதை) அகலமாக இருக்கும், எங்கே அடித்தாலும் பந்து கிடைக்கும். ஆனால் கிரீனுக்குள் (குழியும் அதில் நட்ட கொடியும் இருக்கும் வழவழப்பான புல்தரை) போகும் வாசல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் திறந்திருக்கும். தவறான பக்கத்தில் நின்றால், ஃபேர்வே நடுவிலிருந்தே போகி (பார் எனும் குறித்த ஷாட் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம்) வரும்.

சரி, ஹோல்களுக்கு வருவோம்.

முதல் ஹோல் 445 கெஜம், மேடு. வலது பக்கம் ஒரு ஆழமான பங்கர், அதாவது மணல் குழி. அதைத் தாண்டி அடிக்க 300 கெஜத்துக்கு மேல் பறக்க வேண்டும். எல்லாரும் பதற்றமாக இருக்கும் நேரத்தில் அந்த வீரம் எதற்கு? பங்கருக்கு இடது பக்கம் வைத்து, கிரீன் நடுவில் ஏற்றி, நான்கு ஷாட்டோடு நகர்ந்துவிடுவது நல்ல தொடக்கம். இரண்டாவது பார்-5 (ஐந்து ஷாட்டில் முடிக்க வேண்டியது), கீழே இறங்கி இடது பக்கம் வளையும். இங்கே துணிந்து அடிக்கலாம். இடது பக்க மரங்களுக்குள் மட்டும் போகக் கூடாது. 2012 கடைசி நாளில் லூயி ஊஸ்ட்ஹைசன் நாலாம் நம்பர் அயர்னில் அடித்த இரண்டாவது ஷாட் கிரீனின் இடது முன்பக்கத்தில் விழுந்து, முழு கிரீனையும் குறுக்காக உருண்டு கடந்து குழிக்குள் விழுந்தது. அந்தச் சரிவு என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. 350 கெஜம்தான், மைதானத்திலேயே குட்டையான பார்-4. இன்றைய ஆட்டக்காரர்கள் ட்ரைவரை (மிகத் தூரம் அடிக்கும் மட்டை) எடுத்தால் கிரீனுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் விடலாம். கிரீன் ஒரு மேட்டின் மேல் திண்ணை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, இடது பக்கம் ரொம்பக் குறுகல். கொடியை இடது பக்கம் நட்டுவிட்டால், முப்பது நாற்பது கெஜத்திலிருந்து அடிக்கும் அரைகுறை ஷாட்டில் பந்துக்குச் சுழற்சி கிடைக்காது. கொஞ்சம் குறைந்தால் உங்கள் காலடிக்கே திரும்பி உருண்டு வரும், கொஞ்சம் கூடினால் பின்பக்கம் இறங்கிவிடும். என் கணக்கில் இங்கே டீயில் (முதல் ஷாட் அடிக்கும் இடம்) அயர்ன்தான். இடது பக்கத்து நான்கு பங்கர்களுக்கு முன்னாலேயே நிறுத்தி, முழு வெட்ஜ் (கிட்டத் தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பும் மட்டை) ஷாட்டுக்கான தூரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கிட்டே போவது இங்கே லாபமில்லை. இதை என் நண்பரிடம் எத்தனை முறை சொன்னாலும், "கிட்ட இருந்தா சுலபம்தானே" என்கிறார். மேட்டுக் கிரீனுக்குக் கீழே நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

நான்காவது 240 கெஜ பார்-3. நடு கிரீன், இரண்டு பட் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி), கிளம்பு. ஐந்தாவதை 2019-இல் 495 கெஜமாக நீட்டிவிட்டார்கள். இடது பக்கப் பங்கர்களில் விழுந்தால் அங்கிருந்து கிரீனை எட்டுவது பெரும்பாடு. ஆறாவதில் கிரீன் மாடி வீடு மாதிரி. கொடி மேல்மாடியில் இருக்கும்போது பந்து கீழே நின்றால் மூன்று பட் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழாவதில் மட்டும் நேராக அடிப்பதைத் தவிர வேறு தந்திரமே இல்லை. இரண்டு பக்கமும் மரம், கிரீனைச் சுற்றி ஐந்து பங்கர். எட்டாவது மேடேறும் பார்-5. வலது பக்கப் பங்கரைத் தவிர்த்துவிட்டால், கிரீனைச் சுற்றிப் பங்கரே இல்லை, வெறும் மேடுகள்தான். நல்ல ஆட்டக்காரர் இங்கே நான்கு எடுத்தே ஆக வேண்டும்.

ஒன்பதாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிரீன் பின்னாலிருந்து முன்னால் செங்குத்தாகச் சரிகிறது. முன்பகுதியில் விழும் பந்து நிற்காது, மெல்லத் திரும்பி ஃபேர்வேயில் வெகுதூரம் உருண்டு போய்விடும். 1996 கடைசி நாளில் ஆறு ஷாட் முன்னிலையோடு தொடங்கிய கிரெக் நார்மனுக்கு இங்கே அதுதான் நடந்தது. பிறகு 12-இல் தண்ணீர், 16-இல் தண்ணீர். நிக் ஃபால்டோ ஐந்து ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்று நார்மனின் ஸ்விங் (மட்டை வீச்சு) கெட்டுப்போனது என்று பலர் எழுதினார்கள். நான் அந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்பதில் அவர் கொடியை ஒட்டி வைக்கப் பார்த்தார். கொடிக்கு மேலே பத்து கெஜம் விட்டிருந்தால், கஷ்டமான பட் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். தவறு நடந்தாலும் தாங்கிக்கொள்ளும் பக்கம் எது என்று பார்க்க வேண்டிய இடம் அது.

பத்தாவது பெரிய இறக்கம். வலமிருந்து இடமாக வளையும் ட்ரைவ் (டீயிலிருந்து அடிக்கும் முதல் ஷாட்) சரிவைப் பிடித்துக்கொண்டு கீழே வெகுதூரம் ஓடும். ஆனால் ரொம்ப வளைந்தால்? 2011-இல் நான்கு ஷாட் முன்னிலையோடு கடைசிச் சுற்றைத் தொடங்கிய ரோரி மெக்கில்ராய், இங்கே இடது பக்கம் குடில்களுக்கு நடுவே பந்தைப் போட்டு ஏழு எடுத்தார். பதினொன்றாவதில் கிரீனுக்கு இடது பக்கம் குளம். பென் ஹோகன் இரண்டாவது ஷாட்டைக் கிரீனுக்கு வலது பக்கமாகவே அடிப்பார், இரண்டில் தன் பந்து கிரீனில் நின்றால் ஷாட் தப்பிவிட்டது என்று அர்த்தம் எனச் சொல்வாராம். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே பார் போதும் என்று நினைத்த ஹோல். (அதே வலது பக்கத்திலிருந்துதான் 1987 பிளேஆஃபில், அதாவது சமநிலையைத் தீர்க்கும் கூடுதல் ஆட்டத்தில், லாரி மைஸ் சிப் செய்து, அதாவது சின்னதாகத் தூக்கி அடித்து, நேராகக் குழிக்குள் போட்டார். பாவம், அன்றைக்கும் தோற்றது நார்மன்.)

இப்போது 12. முன்னால் ரேஸ் க்ரீக் ஓடை, நடுவில் ஒரு பங்கர், பின்னால் இரண்டு. கிரீன் அகலமானது, ஆழமில்லை, கோணலாகவும் வைத்திருக்கிறார்கள். இடது பக்கம் டீக்குக் கிட்டத்தில், வலது பக்கம் தள்ளி. வலது கை ஆட்டக்காரர் பந்தைச் சரியாகப் பிடிக்காமல் விட்டால் அது வலது பக்கம் போகும், தூரமும் குறையும். ஆனால் வலது பக்கத்துக்குத்தான் அதிக தூரம் வேண்டும். அப்போது பந்துக்கு ஒரே இடம், ஓடை. கடைசி நாள் கொடி அந்த வலது ஓரத்தில்தான். இடது கைக்காரருக்கு இது தலைகீழ்: பந்து இடது பக்கம் நழுவினால் தூரம் குறையும், வலது பக்கம் இழுபட்டால் தூரம் கூடும். இரண்டுமே கிரீனின் கோணத்தோடு ஒத்துப்போகின்றன. 2003 முதல் 2014 வரையிலான 12 மாஸ்டர்ஸில் ஆறை இடது கைக்காரர்கள் வென்றார்கள்: மைக் வியர் ஒன்று, ஃபில் மிக்கெல்சன் மூன்று, பப்பா வாட்சன் இரண்டு. அதற்கு 12-ஆவது ஹோல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்களுக்கு அங்கே ஒரு பயம் குறைவு.

ஜாக் நிக்லாஸ் பல வருடமாகச் சொல்லிவரும் வழி ஒன்றுதான்: கொடி எங்கே இருந்தாலும் நடுப் பங்கருக்கு மேலே அடி. 2019-இல் ஃபிரான்செஸ்கோ மொலினாரி இரண்டு ஷாட் முன்னிலையோடு இங்கே வந்தார். அவர் பந்து கரையில் பட்டு ஓடைக்குள் போனது. அன்று புரூக்ஸ் கெப்கா, டோனி ஃபினோ, இயன் போல்ட்டர் மூவரும் அதே தண்ணீரில்தான் போட்டார்கள். டைகர் வுட்ஸ் கொடியைப் பார்க்கவே இல்லை. இடது பக்கம் பங்கருக்கு மேலே பத்திரமாக வைத்து, தூரத்திலிருந்து இரண்டு பட், மூன்று. அந்த ஹோலிலேயே சமநிலைக்கு வந்தார், கடைசியில் ஒரு ஷாட்டில் ஜெயித்தார். 43 வயதில் அவர் வாங்கிய அந்தக் கோட்டில் அந்தச் சாதுவான ஷாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2020-இல் அதே டைகர் அதே ஹோலில் பத்து எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். யாருக்கும் இது விட்டுக்கொடுக்காது.

13, 15 இரண்டும் பார்-5. என் நண்பரோடு உண்மையான சண்டை இங்கேதான். 13 இடது பக்கம் வளைகிறது, கிரீனுக்கு முன்னால் ஓடை. ஃபேர்வேயே வலமிருந்து இடமாகச் சரிவதால் பந்து காலைவிட உயரத்தில் நிற்கும், அடித்தால் இடது பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட வலது பக்கம் குறிவைத்தால் பந்து நேராகவே போய்த் தண்ணீரில் விழலாம். இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்குப் போவதா, ஓடைக்கு முன்னால் நிறுத்துவதா என்பது மனதை உலுக்கும் முடிவாக இருக்க வேண்டும் என்று ஜோன்ஸ் நினைத்தார். எல்லாரும் நடு அயர்னிலேயே கிரீனை எட்ட ஆரம்பித்ததும் அந்த உலுக்கல் போய்விட்டது, அதனால் 2023-இல் 35 கெஜம் நீட்டினார்கள். பலருக்கு வருத்தம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. யோசிக்காமல் போகலாம் என்றால் அங்கே ஓடை எதற்கு?

2007-இல் ஸாக் ஜான்சன் நான்கு நாளும் ஒரு பார்-5-இல்கூட இரண்டு ஷாட்டில் கிரீனுக்குப் போகப் பார்க்கவில்லை. பதினாறு முறையும் முன்னால் நிறுத்தி வெட்ஜ் அடித்தார். அந்தப் பதினாறில் மட்டும் 11 ஷாட் பாருக்குக் கீழே. டைகரை இரண்டு ஷாட்டில் முந்தி ஜெயித்தார். அந்த வருடம் குளிர், காற்று, கிரீன்கள் கல் மாதிரி, ஜெயித்த மொத்தமே பாருக்கு ஒன்று மேலே. மென்மையான மைதானத்தில் இது எடுபடாது என்று நண்பர் சொல்வார். அதில் உண்மை உண்டு. ஆனால் தன் வெட்ஜை நம்புகிறவனுக்கு அது கோழைத்தனம் இல்லை.

அதே சமயம் முன்னால் நிறுத்துவதும் எங்கும் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. 15-இல் குளத்துக்கு முன் நிறுத்தினால் பந்து இறக்கத்தில் நிற்கும். கிரீன் ஆழமில்லை, முன்கரை மழித்துவிட்ட மாதிரி. 2018-இல் செர்ஜியோ கார்சியா இங்கே ஐந்து பந்துகளைத் தண்ணீரில் விட்டு 13 எடுத்தார். முந்தின வருடம் பட்டம் வென்றவர், வென்ற அன்று இதே ஹோலில் ஈகிள் (பாரைவிட இரண்டு ஷாட் குறைவு) எடுத்தவர். பின்னால் போனாலும் ஆபத்துதான், அங்கிருந்து சிப் செய்தால் சரிவு பந்தை முன்குளத்துக்கே கொண்டுபோகும். 15-இல் மட்டும் நல்ல ட்ரைவ் கிடைத்தால் கிரீனுக்கே போகலாம் என்பது என் கட்சி. இங்கே நண்பரும் நானும் ஒரே பக்கம்.

14-இல் ஒரு பங்கர்கூட இல்லை, அந்தக் கிரீனின் நெளிவே போதும். 16-இல் இடது பக்கம் தண்ணீர், கடைசி நாள் கொடியும் இடது பக்கம், ஆனால் சரிவு வலமிருந்து இடமாக. கொடிக்கு வலது பக்கம் போட்டால் பந்து தானே நடந்து போகும். 1986-இல் 46 வயது நிக்லாஸ் இங்கே அடித்த ஐந்தாம் நம்பர் அயர்னை நினைத்துப் பாருங்கள். பந்து குழியைத் தொடாத குறைதான். 17-இல் இருந்த ஐசன்ஹோவர் மரம் 2014 பனிமழைக்குப் போய்விட்டது. இப்போது அங்கே பெரிய சிக்கல் இல்லை.

18 ஒரு சந்து. இரண்டு பக்கமும் மரம், மேடு, ஃபேர்வேயின் இடது பக்கம் இரண்டு பங்கர். கடைசி நாள் மாலை, 2025. மெக்கில்ராய் ட்ரைவரை அருமையாக ஃபேர்வேயில் வைத்தார். சுமார் 125 கெஜம், கையில் வெட்ஜ், நான்கு எடுத்தால் பட்டம். வலது பக்கப் பங்கரில் போட்டார், போகி. பிளேஆஃபுக்கு ஜஸ்டின் ரோஸோடு அதே டீக்குத் திரும்பி வந்தார். மறுபடி ஃபேர்வே, மறுபடி வெட்ஜ். இந்த முறை பந்து கொடியைத் தாண்டி விழுந்து, சரிவில் மெல்லப் பின்னால் இறங்கி, குழிக்கு நாலு அடியில் நின்றது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டது.