15 வயதில் ராணி ராம்பால் எங்கே நின்றார்?

2010இல் ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோவில் மகளிர் ஹொக்கி உலகக் கிண்ணம் நடந்தபோது, இந்திய அணியின் முன்கள வீராங்கனை ராணி ராம்பாலுக்கு 15 வயது. 7 கோல் அடித்தார். தொடரின் சிறந்த இளம் வீராங்கனை விருதும் அவருக்குத்தான். எங்கட கணக்கில் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளை.

யாழ்ப்பாணத்தில் சரியாக அந்த வயதில்தான் பெண் பிள்ளைகளின் கையிலிருந்து மட்டையை வாங்கி வைக்கிறோம். "ஓ.எல் முடியட்டும் பிள்ளை, பிறகு விளையாடலாம்." ஓ.எல் சோதனை முடிய ஏ.எல் சோதனை வரும். அது முடியக் கம்பஸ், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சு.

ராணியின் ஊர் ஹரியானாவில் இருக்கிற ஷாஹாபாத். தகப்பன் வண்டி இழுத்து உழைத்தவர். வீட்டில் மணிக்கூடு இல்லாததால் தாய் வானத்தைப் பார்த்து நேரம் மதித்து மகளை எழுப்பிவிடுவாராம். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் ஆளுக்கு அரை லீற்றர் பால் கொண்டுவர வேணும். 200 மில்லி லீற்றர் வாங்கத்தான் வீட்டில் வழி, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை வறுமையை வென்ற கதையாகக் கண்கலங்கிப் பகிர்ந்துவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பல்தேவ் சிங் என்ற நல்ல பயிற்றுநர் அந்தச் சின்ன ஊரிலேயே இருந்தது. முதலில் மறுத்த பெற்றோரும் ஓம் என்ற பிறகு மகளை இடையில் மறிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் அணியில் ராணியோடு அதே ஊர்க்காரர் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், நவ்நீத் கவுர், நவ்ஜோத் கவுர். ஒரு சின்ன ஊருக்கு இது தற்செயலாக நடக்காது.

ஹொக்கி பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். இதில் தூரத்திலிருந்து அடித்துக் கோல் போட முடியாது. எதிரணியின் வட்டத்துக்குள், அதாவது கோல் கோட்டிலிருந்து ஏறத்தாழ 14.6 மீற்றருக்குள், தாக்குகிற அணியின் மட்டை பந்தில் பட்டிருக்க வேணும். அதுவும் மட்டையின் உருண்ட பின்பக்கத்தால் பந்தைத் தொடக்கூடாது. அந்த இடத்தில் தடுப்பாட்டக்காரர் குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்க வைத்துக்கொண்டு நிற்பார்கள். பந்து வந்த பிறகு யோசிக்க நேரமில்லை. வர முதலே கால் எங்கே, தோள் எந்தப் பக்கம் என்று உடம்பு முடிவெடுத்திருக்கும். அது 12, 13 வயதில் தொடங்கி விடாமல் ஆடினால் வருகிற கை. இரண்டு வருடம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து எடுக்க ஏலாது.

2019 நவம்பரில் புவனேஸ்வரில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியைப் பாருங்கள். அமெரிக்காவுக்கு எதிராக இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. முதல் நாள் இந்தியா 5-1 என்று வென்றது. அடுத்த நாள் பாதி ஆட்டத்துக்குள் அமெரிக்கா 4 கோல் போட்டு மொத்தக் கணக்கை 5-5 ஆக்கிவிட்டது. அரங்கம் முழுக்கச் சொந்தச் சனம். 48ஆவது நிமிடத்தில் வட்டத்துக்குள் கிடைத்த பந்தை ராணி வலைக்குள் அடித்தார். அந்த ஒரு கோலில்தான் அணி டோக்கியோ போனது. அங்கே அவரது தலைமையில் கால் இறுதியில் அவுஸ்திரேலியாவை வென்று நான்காம் இடம் வந்தது. 1980க்குப் பிறகு 36 வருடம் ஒலிம்பிக் பக்கமே போகாமல் கிடந்து, 2016இல்தான் திரும்பி வந்த அணி அது.

டோக்கியோவுக்குப் பிறகு காயம், பிறகு அணியில் இடமில்லை. 2024 ஒக்ரோபரில் 29 வயதில் ஓய்வை அறிவித்தார். இந்தியாவுக்காக 254 ஆட்டம் ஆடியவர். அவரது 28ஆம் இலக்கச் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹொக்கி இந்தியா சம்மேளனம் அறிவித்தது. இன்னும் கொஞ்சம் ஆடவிட்டிருக்கலாம் என்றுதான் நான் இப்பவும் நினைக்கிறேன்.

என்ர பெறாமகள் இடது பக்க முன்களத்தில் ஆடினவள். பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவாள். போன வருடம் பின்னேர ரியூசன் நேரமும் பயிற்சி நேரமும் ஒன்றாக வந்தது. அக்கா ரியூசனைத் தெரிவு செய்தா. கறுத்துப் போறாள் என்று பெரியம்மாவும் தன் பங்குக்குச் சொன்னா. அக்காவை நான் குறை சொல்லமாட்டன். படிப்பைத் தவிர இந்த மண்ணில் எங்களுக்கு வேறு பிடிமானம் இருக்கவில்லை. ஆனால் தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதானே. வலைப்பந்தாட்டத்தில் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். அவருக்குக் கைதட்டுகிற நாங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கொடுக்கிறோம் இல்லை?

நான் கேட்பது செயற்கைப் புற்தரை இல்லை, அது பிறகு வரட்டும். கிழமைக்கு இரண்டு பின்னேரம் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் வைக்காமல் விடுங்கோ. பயிற்சி முடிந்து இருட்ட முதல் பிள்ளைகள் வீடு சேர, பாடசாலையும் பெற்றோரும் கூடி ஒரு வான் ஒழுங்கு செய்யலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று இதைத்தான் கேட்கப் போறன். அக்காவையும் கூட்டிக்கொண்டு போறன். பெண் பிள்ளை வைத்திருக்கிற அம்மாமார், அப்பாமார், நீங்களும் உங்கட பாடசாலைகளில் கேளுங்கோ. நாலு பேர் சேர்ந்து கேட்டால் அதிபர் பதில் சொல்லத்தான் வேணும்.