பைபர் குளத்தில் ராவல் பிளக் அடிக்கிறவங்களுக்கு

நீச்சல் குளத்துப் படிக்கட்டுல கைப்பிடி ஆடுதுன்னு ஆளைக் கூப்பிட்டா, வந்ததும் வராததுமா ஸ்க்ரூடிரைவரை எடுத்து முறுக்குகான். சுத்துது, சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது. உடனே, "ஒரு சைஸ் பெருசு போட்டா நின்னுரும் அண்ணே!" ரெண்டு மாசத்துல மறுபடியும் ஆட்டம். இப்ப ஓட்டை முன்னைவிடப் பெருசு. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ரிசார்ட்டுலயும் வீட்டுலயும் இதே வைத்தியம்தான்.

எடே, அது பைபர் குளம், காங்கிரீட் சுவர் இல்ல! மேல அரை மில்லிமீட்டர் சொச்சம் ஜெல்கோட்ங்கிற வழுவழுப்பான பூச்சு. அதுக்கு அடியில ரெசின்ல ஊறின கண்ணாடி நார்ப் பாய். எல்லாம் சேர்த்தே பல இடத்துல 6 முதல் 10 மில்லிமீட்டர்தான். பின்னால வெறும் மணல், இல்லன்னா ஜல்லி. ஓட்டையில செருகுற பிளாஸ்டிக் ராவல் பிளக், ஸ்க்ரூ முறுக்க முறுக்க விரிஞ்சு அழுத்தித்தான் பிடிக்கும். இந்த மெல்லிசு ஓட்டுல விரிஞ்சா பாய் அடுக்கடுக்கா பிரியும், ஜெல்கோட்டுல நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடும். அந்த விரிசல் வழியா தண்ணி நாருக்குள்ள இறங்கும். தேக்குச் சிம்பு செருகுறது அதைவிடக் கொடுமை. மரம் ஊறி உப்பி, ஓட்டையை உள்ளே இருந்தே பிளக்கும்.

அடுத்த கிறுக்குத்தனம், வேலை செய்யணும்னு குளத்தையே காலி பண்றது. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு ஆனி, ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. வயலை நிரப்பிக் கட்டின இடம்னா கேக்கவே வேண்டாம், ரெண்டு முழம் தோண்டினா ஊத்து. வெளியே 30 சென்டிமீட்டர் தண்ணி கூடுதலா நின்னாலே சதுர மீட்டருக்கு 300 கிலோ கீழே இருந்து தள்ளும். காலிக் குளம் சிரட்டை மாதிரி மிதந்து எழும்பும், இல்ல தரை உப்பும். கழட்டுற இடத்துக்கு அரை அடி கீழ வரைக்கும் இறக்கினாப் போதும்!

செய்ய வேண்டியது இதுதான். ஸ்க்ரூவைக் கழட்டி, கெட்டுப்போன நாரை எல்லாம் சுரண்டி, நல்ல கெட்டியான ஓடு தெரியிற வரைக்கும் ஓட்டையைத் திற. ஒரு நாள் முழுக்கக் காயவிடு. ஈரம் இருந்தா எதுவும் ஒட்டாது. அசிட்டோன் போட்டுத் துடை. எபாக்சிப் பசையில கண்ணாடி நார்த் தூளைக் கலந்து பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவந்து, காத்துக் குமிழி இல்லாம அடை. 24 மணி நேரம் கழிச்சு, 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 4 மில்லிமீட்டர் டிரில் போட்டு, கையால முறுக்கு. மிஷினைத் தொடாதே.

மேல ஜெல்கோட் பூசணும்னா எபாக்சி வேண்டாம், ஜெல்கோட் அதுல சரியாப் பிடிக்காது. வினைல் எஸ்டர் ரெசின் வாங்கு. 100 கிராமுக்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் 1 முதல் 2 கிராம். இறுகுறதை வேகப்படுத்துற கோபால்ட்டைத் தனியாத் தந்தாங்கன்னா முதல்ல ரெசின்ல நல்லாக் கலக்கிட்டு, அப்புறம்தான் ஹார்டனர். ரெண்டையும் நேரடியாச் சேர்த்தா வெடிக்கும். குளச்சல்ல பைபர் வள்ளம் ஒட்டுற ஆளுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். அவரைக் கூப்பிடாம டைல்ஸ் ஆளைக் கூப்பிட்டா எப்படி?

ஆனா இவ்வளவும் லைட் பிரேம், மேல மிதக்கிற குப்பையை இழுக்கிற ஸ்கிம்மரோட மூடி மாதிரி பாரம் தாங்காத சாமானுக்குத்தான். ஆளு பிடிச்சுத் தொங்குற கைப்பிடிக்கு வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டி, பின்னால தகடு வச்சு, போல்ட்டு நட்டுதான் போடணும். தோண்டச் சோம்பல்பட்டு சிலிக்கானைப் பிதுக்கி மூடிட்டுப் போகான். அந்தச் சிலிக்கான் பட்ட இடத்துல பிறகு ரெசினும் ஒட்டாது, ஜெல்கோட்டும் ஒட்டாது. எல்லாத்தையும் தேய்ச்சு எடுக்கணும்.

ஸ்க்ரூ வாங்குற கடையில காந்தத்தை வச்சு, "பாருங்க, ஒட்டல, அசல் ஸ்டெயின்லெஸ்"ங்கான். ஸ்டெயின்லெஸ்ல 304, 316னு ரகம் உண்டு, ரெண்டுமே பெரும்பாலும் காந்தத்துல ஒட்டாது. குளோரின் தண்ணிக்கு 316தான் வேணும். காந்தம் அதைச் சொல்லாது. பில்லுல எழுதி வாங்குங்க.

கடைசியா, வயிறெரியிற விஷயம். கைப்பிடியைக் கழட்டும்போது எர்த் வயரையும் கழட்டுகான். திரும்ப மாட்டும்போது அதை அப்படியே தொங்க விட்டுட்டுப் போகான். எலக்ட்ரீஷியன் வந்து அந்த வயரை இணைச்சு மீட்டர் வச்சுப் பார்க்கிற வரைக்கும் ஒரு பிள்ளையையும் தண்ணியில இறக்காதீங்க.