ஆமாம், சில்லறை அக்காதான்

ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனில் நடந்ததைப் பற்றி இன்பாக்ஸில் கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். ஆமாம், மேடையில் தம்பி மைக்கைப் பிடித்து, நான் காசு காசாக மிச்சம் பிடிப்பதைக் கிண்டலடித்து 'சில்லறை அக்கா' என்றது என்னைத்தான். போட்டோவில் பதினோரு பேர் பீச் கலரில் நிற்க, ஓரத்தில் மஞ்சள் பட்டில் ஒருத்தி நிற்கிறாளே, அதுவும் நான்தான்.

எல்லோரும் ஒரே மாதிரி கட்டிய அந்தப் பீச் கலர் புடவை 3,800 ரூபாய். அதற்கு ஆரி வொர்க் பிளவுஸ் தைக்க 2,200. ஒரு சாயங்காலத்துக்கு ஆறாயிரம். எனக்கு வேண்டாம், இருக்கிற பட்டைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு மாதம் முன்பே குரூப்பில் சொல்லிவிட்டேன். மொய் ஐயாயிரம் எழுதினேன், சந்தேகம் இருந்தால் மொய் நோட்டைப் பாருங்கள். முதல் நாள் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தாம்பூலப் பையில் தேங்காய் போட்டதும் இதே சில்லறை அக்காதான். நான் குறைத்தது என் செலவை. யார் வீட்டுப் பந்தியிலும் அப்பளத்தைக் குறைக்கவில்லை.

என்ன பெரிய தப்பு செய்துவிட்டேன்? ஆவின் பாலை ஆரஞ்சு பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு மாற்றினேன், பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் மிச்சம், தினம் இரண்டு பாக்கெட், மாதம் 600. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25, அதை விடாமல் வாங்குகிறேன். பாமாயிலா என்று முகம் சுளிப்பவர்கள் டீக்கடை பஜ்ஜியை எதில் போடுகிறார்கள் என்று நினைக்கிறார்களோ தெரியவில்லை. கரண்ட் மீட்டரைப் போய்ப் போய்ப் பார்க்கிறேனாம், அது ஒரு கேலி. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை சலுகையில் கிடைத்த யூனிட்டுக்கும் ரேட் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனால் கடைசி வாரம் ஏசி கிடையாது, ஃபேன்தான். போன முறை 498-ல் நின்றது. எனக்கு அன்றைக்குத்தான் தீபாவளி.

இப்படியெல்லாம் சேர்த்து 2024 ஜனவரியிலிருந்து தபால் ஆபீசில் மாதம் 4,000 ஆர்.டி. கட்டுகிறேன். அறுபது தவணை, முடியும்போது வட்டியோடு 2,85,000 சொச்சம் வரும். 6.7 சதவீதம்தானே, விலைவாசியே அதைத் தின்றுவிடும், மியூச்சுவல் ஃபண்டில் மாசாமாசம் எஸ்.ஐ.பி. போடுங்க சிஸ்டர் என்று ஒருவர் உடனே வருவார். வாங்க சார். உங்கள் கணக்கே சரியாக இருக்கட்டும், எனக்கு வேண்டியது ராத்திரி தூக்கம்.

கொரோனாவில் எத்தனை பேர் போனாங்க, இருக்கும்போதே வாழ்ந்துட்டுப் போங்க என்பவர்களுக்கும் சொல்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர்கள் கையில் எதை வைத்துக்கொண்டு அலைந்தார்கள்? மேட்சிங் புடவையையா?

மிச்சம் பிடிப்பது மட்டும் ஏன் பெண்கள் தலையிலேயே விடிகிறது என்று ஒரு தோழி கேட்டாள். அது நியாயமான கேள்வி. முதலில் நின்றது என் பார்லர், அப்புறம் என் புடவை. வீட்டுக்காரரின் பெட்ரோல் கணக்கு இன்னும் என் நோட்டுக்குள் வரவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன், இதை அவரும் படிப்பார்.

சரி, உடனே அரிசிப் பானைக்குள் சிறுவாடு சேர்த்த அம்மா கதை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கம்மா பத்து ரூபாய் சேர்த்தவள் இல்லை. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவள். சொந்தத்தில் ஒரு பையனுக்கு இன்ஜினியரிங் முதல் வருட ஃபீஸ் கட்ட வேண்டும் என்றதும் கழுத்திலிருந்த அஞ்சு பவுன் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்தாள். அவர்கள் மீட்டுக் கொடுப்பார்கள் என்று வட்டியை மட்டும் கட்டிக்கட்டி மறுபடி மறுபடி வைத்தாள், கடைசியில் வட்டியும் கட்ட முடியவில்லை. ஒரு நாள் காலைப் பேப்பரில் ஏல அறிவிப்பு. பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் கடன் எண்கள்தான், பேர்கூடக் கிடையாது. அம்மா தோசை ஊற்றுவதை விட்டுவிட்டு வந்து ரசீதை ஒரு கையில் வைத்துக்கொண்டு மாவு ஒட்டிய விரலால் ஒவ்வொரு வரிசையாக இறங்கினாள். நாலாவது வரிசையில் விரல் நின்றது. அடுப்பில் தோசை கருகிய வாசம் வந்தது, ரெண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. அந்தப் பேப்பர் இன்னும் என் பீரோவில் இருக்கிறது, மாவு காய்ந்த தடத்தோடு.

அந்தப் பையன் யார் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தவருக்குச் சங்கடமாக இருக்கும்.

ரிசப்ஷனில் அம்மா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லமாட்டாள், அது எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கோபமும் இல்லை. இருநூறு பேர் சிரித்ததுகூடப் பரவாயில்லை, ரிசப்ஷன் என்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்தச் சிரிப்பில் என் பெண்ணும் இருந்தாள். எட்டாவது படிக்கிறாள், மாமா சொன்னது ஜோக் என்று நினைத்திருப்பாள். அடுத்த வருஷம் அவளுக்கு என்ன பாடம், எங்கே டியூஷன், எவ்வளவு என்று என் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறேன், அவள் அதைப் பார்த்ததில்லை.

கமெண்டில் யாரும் தம்பியைத் திட்ட வேண்டாம். சமாதானம் பேசவும் வேண்டாம். அந்தப் புடவையை இப்போது ஃப்ரீயாகக் கொடுத்து அனுப்புகிறேன் என்று சித்தி போன் செய்தார், அதுவும் வேண்டாம்.

நாளைக்குத் தேதி 15. ஆர்.டி. தவணை அதைத் தாண்டினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். போன வருஷம் ஒரு தடவை மறந்து 40 ரூபாய் கட்டினேன், இன்னும் உறுத்துகிறது. காலையில் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும், அந்தக் கவுன்ட்டரில் சர்வர் எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது.