கபடிப் பிள்ளைகளின் கையில் ஒரு ரக்பி பந்து

2025 ஆகஸ்டில் பீகார் மாநிலம் ராஜ்கிரில் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய ரக்பி செவன்ஸ் போட்டி நடந்தது. பெண்கள் பிரிவில் சீனாவுக்குத் தங்கம். நம்ம பெண்கள் உஸ்பெகிஸ்தானைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார்கள். கிரிக்கெட்டில் யார் எத்தனை ரன் அடித்தார் என்று டீக்கடை டீக்கடையாகப் பேசுகிற நம்ம திருநெல்வேலியில், இந்த வெண்கலத்தைப் பற்றி ஒருத்தர் பேசிக்கூட நான் கேட்கவில்லை. பேசியிருக்க வேண்டும். அந்த ஆட்டத்துக்கு வேண்டிய உடம்பும் துணிச்சலும் உள்ள பிள்ளைகள் நம்ம பக்கத்துக் கபடி மைதானங்களில் நிறைய இருக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியையாக அவர்களைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழு பேர். ஆனால் பதினைந்து பேர் ஆடும் ரக்பியின் அதே பெரிய மைதானம்: நூறு மீட்டர் நீளம், எழுபது மீட்டர் வரை அகலம். பாதிக்கு 7 நிமிடம். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். அதனால் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடித்தான் பெரும்பாலும் முன்னேற வேண்டும். எதிரணிக்காரர்கள் தோளுக்குக் கீழே பிடித்துச் சாய்ப்பார்கள், இதுதான் டாக்கிள். தப்பித்துப் போய் கோட்டுக்கு அந்தப்பக்கம் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அப்புறம் கம்பத்துக்கு நடுவே ஒரு உதை, சரியாகப் போனால் இன்னும் 2. ஓடி வருகிறவளைப் பிடித்துச் சாய்க்க வேண்டும், பிடியிலிருந்து தப்பிக் கோட்டைத் தொட வேண்டும். இதைத்தானே நம்ம பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து செய்கிறார்கள்?

அந்த 2 புள்ளியைச் சும்மா நினைக்க வேண்டாம். 2024-இல் காத்மாண்டுவில் நடந்த ஆசிய செவன்ஸ் டிராபி இறுதியில் இந்தியப் பெண்கள் பிலிப்பைன்ஸிடம் 5-7 என்று தோற்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒரு ட்ரை. ஒரு உதையில் தங்கம் போய் வெள்ளி ஆனது. செவன்ஸில் அந்த உதையை அடிப்பது லேசான காரியமில்லை. பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, அது தரையில் பட்டு எழும்புகிற நொடியில் உதைக்க வேண்டும். முட்டை வடிவப் பந்து வேறு, எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. வருடக்கணக்கில் உதைத்து உதைத்துத்தான் கால் பழகும்.

இந்திய அணியில் ஆடியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். ஸ்வீட்டி குமாரி பீகாரில் பாட்னா பக்கத்து பாட் என்ற சிற்றூர்க்காரர். ஸ்வேதா ஷாஹி நாலந்தா மாவட்டம். ஒடிசாவில் புவனேசுவரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகள் பல பேர் நாட்டுக்காக ஆடியிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் சரஸ்வதிப்பூர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களின் மகள்கள் இந்தியச் சட்டை போட்டிருக்கிறார்கள். வசதியான வீட்டு விளையாட்டாக இருந்தால் இவர்கள் அங்கே எப்படிப் போயிருக்க முடியும்? ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், நாலைந்து பந்து. பல இடங்களில் இவ்வளவுதான் தொடக்கம்.

சென்னைத் தோழி ஒருத்தி கொடுத்த பழைய ரக்பி பந்தை வைத்து எங்கள் பள்ளியில் ஒரு சாயங்காலம் ஆடிப் பார்த்தோம். கபடியில் இடது கார்னரில் நிற்கும் பிள்ளை ஒருத்தி, முக்கூடல் பக்கம் ஊர். கணுக்கால் பிடி என்றால் அவளை அடிக்க ஆளில்லை. ஓடி வந்தவளை முதல் தடவையே சாய்த்துவிட்டாள். ஆனால் காலை விடவே இல்லை.

“விடுட்டி! ரக்பியில சாய்ச்ச உடனே விடணும்” என்றேன்.

“விட்டா ஓடிருவாளே டீச்சர்!”

அவள் கேட்டது முழுக்க நியாயம். கபடியில் நடுவர் விசில் அடிக்கிறவரை பிடியை விடக் கூடாது. ரக்பியில் சாய்த்தவள் உடனே விட்டு விலக வேண்டும், சாய்ந்தவளும் பந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. சாய்த்தவள் எழுந்து நின்று பந்துக்குப் போட்டியிடலாம். இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தாள். அடுத்த தடவை சாய்த்தாள், விட்டாள், துள்ளி எழுந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

எல்லாமே இப்படிச் சட்டென்று வந்துவிடாது. கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடி, அப்புறம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இங்கே அவ்வளவு பெரிய மைதானத்தில் நிற்காமல் ஓட வேண்டும். பின்னால் பந்து கொடுக்கக் கை பழக மாதங்கள் ஆகும். நம்ம பள்ளி மைதானங்கள் பலவும் கல்லும் கட்டாந்தரையும். அதில் டாக்கிள் செய்ய விட்டால் முழங்காலும் தோளும் போய்விடும். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று வெளியே கூப்பிடத் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும், பல்லுக்குக் காப்பு வேண்டும். திசையன்விளைப் பக்கம் தேரி மணல் இருக்கிறது, விழப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஆட்டம் ஆடப் புல்தரைதான் வேண்டும்.

கபடியே இருக்கும்போது இது எதற்கு என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். எனக்குக் கபடி உயிர். கபடி வீரர் மணத்தி கணேசன் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை எப்படிக் குறைத்துச் சொல்வேன்? ஆனால் மாநில அணியில் இடம் 12. அதற்கு எத்தனை ஊர்ப் பிள்ளைகள் முட்டி மோதுகிறார்கள்! தேர்வாகாதவள் ப்ளஸ் டூவோடு மைதானத்தை மறந்துவிடுகிறாள். இன்னொன்று, கபடியில் எடைக் கட்டுப்பாடு உண்டு, சீனியர் பெண்களுக்கு 75 கிலோ. நல்ல பலம் உள்ள பிள்ளைகள் எடை இயந்திரத்தின் மேல் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ரக்பியில் அந்த வரம்பு கிடையாது. பெண்கள் கபடியும் பெண்கள் செவன்ஸும் ஆசிய விளையாட்டுக்குள் முதன்முதலாக வந்தது ஒரே சமயத்தில்தான், 2010 குவாங்சோவில். செவன்ஸ் அதற்கு மேலும் ஒரு படி ஏறி 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. கபடி இன்னும் அங்கே போகவில்லை.

அந்த முக்கூடல் பிள்ளை இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறாள். போய்ப் பேசினேன். அவள் அம்மா சொன்னார், “கையக் கால முறிச்சிட்டு வந்து நின்னாள்னா எவன் டீச்சர் கட்டிக்கிடுவான்? இத ஆடுனா வேல கிடைக்குமா, அதச் சொல்லுங்க.” முதல் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது கேள்வியை அந்த அம்மா கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? பீகாரில் பதக்கம் கொண்டு வந்தால் அரசு வேலை என்று திட்டமே வைத்திருக்கிறார்கள், ரக்பிப் பெண்களும் அதில் வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தேசிய அளவில் ஆடி வென்றால்தான் அந்தப் பக்கமே போக முடியும். நெல்லைப் பிள்ளை தேசிய அளவுக்கு எப்படிப் போவாள், இந்தப் பக்கம் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கவே ஆளில்லாதபோது?

2025-இல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ்தான் சாம்பியன். அது ஆண்கள் தொடர். சந்தோஷம். அந்தப் பெயருக்குக் கிடைத்த கைதட்டலில் கொஞ்சம் தெற்கே, பெண்பிள்ளைகள் பக்கமும் வரட்டும்.

மாநில ரக்பி சங்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வருகிற கோடை விடுமுறையில் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு ஒரு பயிற்சியாளரை அனுப்புங்கள். முடிந்தால் பெண் பயிற்சியாளராக இருக்கட்டும், அம்மாமார்கள் நம்பி அனுப்புவார்கள். முதலில் டாக்கிள் இல்லாத டச் ரக்பியிலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகளைச் சேர்ப்பது, வீடு வீடாகப் போய்ப் பேசுவது, பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் எங்கள் பொறுப்பு. சுற்றுவட்டார உடற்கல்வி ஆசிரியர்கள், கபடிக் குழு நடத்தும் அண்ணன்மார்கள் யாருக்கு விருப்பமோ உள்பெட்டியில் வாருங்கள். முக்கூடலுக்கு நான் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.