'பாஸ்' (PAUSE) கட்டளை த்ரெட்டை உறங்க வைப்பதில்லை

ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனித்து ஓடும் செயலிழை), பகிர்ந்த தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி காக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கும் சுழலுக்குள், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலியின் 'பாஸ்' என்னும் இடைநிறுத்தக் கட்டளையை வைத்தால் த்ரெட் உறங்கிவிடும், ஆகவே எவ்வளவு நேரம் சுற்றினாலும் நட்டமில்லை என்று நண்பர் ஒருவர் தம் நிரலோடு எழுதியிருப்பது சரியன்று. கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்திலும் மாணவர்கள் இதையே நம்பி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கட்டளை இயங்குதளத்திடம் எதையும் ஒப்படைப்பதில்லை. த்ரெட் அதே கோரில் (செயலியின் கணிப்பு அலகில்) ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சுழலை விட்டு வெளியேறும் கணத்தில், நினைவக வரிசை மீறப்பட்டதாகக் கருதிச் செயலி தன் பைப்லைனை, அதாவது முன்கூட்டியே செயல்படுத்தத் தொடங்கிய கட்டளைகளின் வரிசையைக் காலிசெய்ய நேர்வதைத் தவிர்ப்பதும், அதே கோரைப் பகிரும் மற்றொரு ஹைப்பர்த்ரெட்டுக்கு வளங்களை விட்டுக்கொடுப்பதுமே அதன் பயன். அதன் கால அளவும் நிலையானதன்று. முந்தைய இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ 10 கடிகாரச் சுற்றுகளாக இருந்தது, பின்வந்த ஸ்கைலேக் தலைமுறையில் 140 வரை உயர்ந்தது. 'ஆயிரம் முறை சுற்று' என்று எண்ணிக்கையை நம்பி எழுதிய பழைய நிரல்கள் அங்கே பல மடங்கு நேரம் காத்துக்கிடந்தன.

இதைவிட முக்கியமானது, நண்பரின் நிரல் ஒவ்வொரு சுற்றிலும் அணுநிலை மாற்றீட்டை (பூட்டின் மதிப்பைப் பிரிக்க முடியாத ஒரே செயலில் சரிபார்த்து மாற்ற முயல்வதை)ச் செய்வது. முறைப்பாசனத்தில் தன் முறைக்குக் காத்திருப்பவர் மதகைப் பார்த்துக்கொண்டிருப்பாரேயன்றி, நொடிக்கொரு தரம் பலகையைத் தூக்கிப் பார்க்கமாட்டார். அணுநிலை மாற்றீடு தோற்றாலும், பூட்டு இருக்கும் கேஷ் வரியை (செயலியின் விரைவு நினைவகத் துண்டை)த் தன் கோருக்கென்று பறித்துக்கொள்வதால், பூட்டை விடுவிக்க வேண்டியவரே தாமதப்படுகிறார். வெறும் வாசிப்பால் கவனித்து, பூட்டு திறந்ததாகத் தெரிந்த பின்னரே மாற்றீட்டை முயல வேண்டும். சிறிது நேரத்தில் கிடைக்காவிட்டால், லினக்ஸில் ஃப்யூடெக்ஸ் (futex) என்னும் இயங்குதள அழைப்பின் வழியே உண்மையாகவே உறங்கச் செல்ல வேண்டும்.